“ஆசா கா?”

வீட்டை விட்டுக் கிளம்பி வாசற்படியில் கால் வைக்கும்போது, “எங்கே கிளம்பிட்டே?” என்று யாராவது கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். கல்லூரியில் படித்தவள், பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிறவள், சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று நாலு பேர் நடுவில் வாதாடவும் தயங்காதவள். ஆனாலும், “எங்கே என்று கேட்காதேடி, ‘தூரமா?’ என்று கேள்” என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்த்த காதுகள் இவை. யாராவது கேட்டுத் தொலைத்துவிட்டால் உள்ளே திரும்பிப் போய், ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன்.

இப்பேர்ப்பட்டவளைக் கொண்டுபோய் செபுவில் விட்டால் என்ன ஆகும், சொல்லுங்கள்!

செபு என்பது பிலிப்பைன்ஸ் தேசத்தின் நடுவே நீளவாக்கில் கிடக்கும் ஒரு தீவு. அதன் தலைநகருக்கும் அதே பெயர். என் அக்கா மகள் அங்கே டாக்டருக்குப் படிக்கிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது அந்தத் தேசத்துக்குப் படிக்கப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். “நீ போய் ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டு வாயேன், தனியாக என்ன செய்கிறாளோ” என்று அக்கா சொன்னாள். லீவு எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரில் விமானம் மாறிப் போய் இறங்கினேன்.

சும்மா போகவில்லை. ‘பிலிப்பைன்ஸ் பாஷை’ என்று ஒரு சின்னப் புத்தகம் வாங்கி, விமானத்தில் நெட்டுருப் போட்டுக்கொண்டே போனேன். இறங்கி, டாக்ஸிக்காரரிடம் கம்பீரமாக ஒப்பித்தேன். அவர் பணிவாகச் சிரித்தார். நான் படித்தது மணிலாவின் தகலோக் பாஷையாம்! செபுவில் பேசுவது செபுவானோ. பேசுகிறவர்கள் அதை ‘பிஸாயா’ என்றே சொல்கிறார்கள். சுமார் 2 கோடிப் பேருக்குத் தாய்மொழி. மதுரையில் வந்து இறங்கியவர் தெலுங்கில் க்ஷேமம் விசாரித்த கதைதான் என் கதை.

மறுநாள் காலை. அக்கா மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு முன்புறத்தில் ஒரு சின்னக் கடை. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் சோப்பு, பிஸ்கோத்து, காப்பித்தூள் பொட்டலங்கள். மேலே ‘ஸாரி ஸாரி’ என்று போர்டு. ஆஹா, இங்கேயும் புடவைக் கடையா என்று ஆவலோடு எட்டிப் பார்த்தேன். ‘ஸாரி ஸாரி’ என்றால் ‘பலசரக்கு’ என்று அர்த்தமாம். புடவை அல்ல, ஒரு ரவிக்கைத் துணிகூடக் கிடையாது!

கடைக்குள்ளிருந்து அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, “ஆசா கா, டாய்?” என்றாள்.

‘டாய்’ என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் யாரை அப்படிக் கூப்பிடுவோம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அது ‘இன்டாய்’ என்பதன் சுருக்கம். சிறு பெண்களையும் தன்னைவிட இளைய பெண்களையும் பிரியமாக அழைக்கும் சொல். பையனாயிருந்தால் ‘டோங்’. மூத்தவளாயிருந்தால் ‘மானாங்’, சுருக்கமாக ‘நாங்’. மூத்தவர் ‘நோங்’. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ‘ஆசா’ என்றால் ‘எங்கே’ என்பது மட்டும் முதல் நாள் இரவே அக்கா மகள் சொல்லித் தெரியும். நோயாளிகளிடம், “வலி எங்கே?” என்று கேட்க அவள் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான்.

ஆக, முன்பின் தெரியாத ஒருத்தி, கிளம்பும்போது, ‘எங்கே போகிறாய்?’ என்கிறாள்! நான் பேசாமல் உள்ளே திரும்பினேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். வெளியே வந்தேன்.

“ஆசா கா, டாய்?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தை ‘உம்’மென்று வைத்துக்கொண்டு அவளைக் கடந்து நடந்துவிட்டேன். இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் அவள் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. சோப்புப் பெட்டிகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அன்று இரவு அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, அந்த நாங்கை என்ன பண்ணினீங்க? ‘உன் சித்திக்கு என் மேல் கோபமா, நான் என்ன தப்புச் செய்தேன்?’னு கேட்டு அழாத குறையா நிற்கறாங்க.”

நான் சகுன சாஸ்திரத்தை விவரித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறொரு விஷயம் சொன்னாள். வந்த முதல் வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்திருக்கிறாள். ஊருக்குச் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள் என்று சொல்லவே இல்லை. இரண்டாம் நாள் காலை அவள் கடையைத் தாண்டிப் போகவில்லை என்பதைக் கவனித்தது அந்த நாங் ஒருத்திதான். “ஆசா கா?” என்று கேட்க ஆள் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். இஞ்சி தட்டிப்போட்ட அரிசிக் கஞ்சியோடு ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

“தினம் யார் போறா, யார் வரான்னு அவங்களுக்குக் கணக்கு வேணும் சித்தி. எங்கே போறோம்னு தெரிய வேண்டாம். ‘டீஹா ரா’ன்னு சொன்னாப் போதும்.”

‘டீஹா ரா’ என்றால், ‘இதோ, இங்கேதான்’. எந்த ஊருக்குப் போனாலும் பதில் இதுதான். மேல்விவரம் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். திரும்பி வரும்போது, “எங்கிருந்து வருகிறாய்?” என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கும், “அங்கேதான்” என்றால் தீர்ந்தது. நம்மில் இரண்டு பேர் தெருவில் எதிர்ப்பட்டால், “என்ன, காய்கறிக்கா?” என்று கையிலுள்ள பையைப் பார்த்துக்கொண்டே கேட்பதில்லையா? பை பதில் சொல்லிவிடுகிறது, ஆனாலும் கேட்கிறோம்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. காலையில் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று, அதற்கு வார்த்தை என்ன என்று கேட்டேன். “மன்னிப்பெல்லாம் கேட்காதீங்க, அவங்க இன்னும் பயந்துடுவாங்க. நீங்க முதல்ல கேளுங்க, போதும்” என்றாள் அக்கா மகள்.

மறுநாள் ஏழு மணியிலிருந்து வாசலில் காத்து நின்றேன். நாங், கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். கடையைப் பூட்டிப் படியிறங்கினாள். சரியாக அந்த இடத்தில், பாட்டி எந்த இடத்தில் கேட்கக் கூடாது என்று சொன்னாளோ அதே இடத்தில், “ஆசா கா, நாங்?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் நின்றாள். திரும்பினாள். “டீஹா ரா, டாய்!” என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு, கூடையைக் கீழே வைத்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மார்க்கெட் அரைமணி தாமதமாயிற்று.

அப்புறம் என்ன, தினம் கடை வாசலில் எனக்குப் பள்ளிக்கூடம்தான். “குமுஸ்தா கா?” என்றால் சௌக்கியமா. “மாயோ மான்” என்றால் சௌக்கியமே. ஸ்பெயின்காரர்கள் 1565-ல் வந்து குடியேறி 1898 வரை ஆண்டார்கள் அல்லவா? ‘குமுஸ்தா’ அவர்கள் விட்டுப்போன சொல். ‘ஸலாமத்’ என்றால் வந்தனம். அது அரபு தேசத்திலிருந்து மலாய் வழியாக வந்தது. மாம்பழத்துக்கு ‘மாங்கா’ என்று அவள் சொன்னபோது நான் துள்ளிக் குதித்துவிட்டேன். நம் ‘மாங்காய்’தான் மலாய்க்காரர்களிடம் போய், அங்கிருந்து அந்தத் தீவுகளுக்கும் போயிற்று என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். முருங்கைக் கீரைக்கு ‘கமுங்கை’. இரண்டு கட்டு வாங்கிப் பொரியல் செய்து நாங்குக்கும் கொடுத்தேன்.

இந்தப் பாஷையைக் கேட்டு முதலில் எழுதி வைத்த ஐரோப்பியர், 1521-ல் மெகல்லனோடு கப்பலில் வந்த பிகாபெட்டா என்ற இத்தாலியர். மெகல்லன் பக்கத்துத் தீவான மக்தானில் லாபுலாபுவின் ஆட்களால் கொல்லப்பட்டார். பிகாபெட்டா பிழைத்து, கண், மூக்கு, அரிசி, இஞ்சி என்று நூற்றுக்கு மேற்பட்ட சொற்களோடு ஊர் போய்ச் சேர்ந்தார். இஞ்சிக்கு இன்றும் அதே ‘லூயா’தான். ஆனால் அண்டை வீட்டாரோடு வாய் திறக்க இஞ்சி மட்டும் போதுமா?

நமக்கு இதில் சில சௌகரியங்கள் உண்டு. அரிசுவடியில் ‘ங’ என்று படித்துவிட்டு, அதைச் சொல்லின் முதலில் வைக்காமலே காலம் தள்ளுகிறோம். அங்கே பெயருக்கு ‘ஙாலன்’, ஏன் என்பதற்கு ‘ஙானோ’. வெள்ளைக்காரர்கள் இந்த ‘ங’வில் மூச்சுத் திணறுகிறார்கள். நமக்கு நாக்கு தானாக வளைகிறது. பேச்சின் நடுவில் சொல் கிடைக்காவிட்டால் நாம் “அது வந்து...” என்று இழுப்போமே, அதற்கு அவர்கள் ‘குவான்’ என்கிறார்கள். மனிதர், சாமான், ஊர் எதுவானாலும் ‘குவான்’. என்னுடைய செபுவானோவில் பாதி குவான்தான்.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் யாரோ, “அயோ! அயோ!” என்று அலறினார்கள். அடுப்பை அணைக்காமல்கூட ஓடினேன். தபால்காரரா, விபத்தா, யாருக்கு என்ன? பார்த்தால், ஒரு தட்டில் பலகாரத்தோடு நாங்கின் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வெளியே நின்று, ‘உள்ளே யார்?’ என்று குரல் கொடுப்பதற்கு அதுதான் வார்த்தையாம். “டாயோன்!” என்று நாம் சொன்னால் உள்ளே வருவார்கள். நம் ஊர் ‘ஐயோ’வுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் நெஞ்சுக்கு அது தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

ஜீப்னி சவாரியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிக் கட்டிய வண்டியில் ஆரம்பித்தது அது. எதிரும் புதிருமாக இரண்டு நீளப் பெஞ்சி. காசை டிரைவரிடம் கொடுக்க, “பலிஹுக்” (தயவுசெய்து) என்று பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டினால், கைமாறிக் கைமாறி அவரிடம் போகும். சில்லறையும் அதே வழியில் வரும். இறங்க வேண்டிய இடத்தில், “லுகார் லாங்!” என்று குரல் கொடுக்க வேண்டும். எனக்கு முதல் நாள் வாயிலிருந்து சத்தமே வராமல் இரண்டு மைல் தள்ளி இறங்கினேன்.

இன்னொன்று. அவர்கள் பிரியத்தைக் காட்டும் விதம். நம் வீட்டில் யாராவது ஊரிலிருந்து வந்தால், “ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?” என்போம், எண்பது கிலோ இருந்தாலும். அங்கே, “நிதம்போக் மான் கா!” அதாவது, “குண்டாகிவிட்டாயே!” இதைக் கேட்டு முதல் வருஷத்தில் அக்கா மகள் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாளாம். அந்த வாக்கியம் எனக்கும் கிடைத்தது. அது மட்டும் இன்னும் ஜீரணமாகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வித்தியாசம் நம்மைப் போலவே அவர்களிடமும் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘தா’. சேர்க்காமல் சொன்னால் ‘மி’. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே! நமக்கு இது பால்பாடம் என்று அலட்சியமாக இருந்தேன். ஒரு சாயங்காலம் நாங் வீட்டில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, “நாங்கள் கிளம்புகிறோம்” என்று சொல்ல நினைத்து, “மங்லாக்காவ் நா தா, நாங்” என்றேன். நாங் சட்டென்று எழுந்தாள், தலையைக் கோதிக்கொண்டாள், ஆணியிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ‘நாம் எல்லோரும் கிளம்பலாம்’ என்று நான் சொல்லியிருக்கிறேன்! அழைத்தாகிவிட்டது, இனிமேல் எப்படி ‘மி’ என்று திருத்துவது? மூன்று பேருமாகக் கடற்கரைப் பக்கம் போய், வாழைப்பழம் பொரித்து விற்கிற இடத்தில் தின்றுவிட்டு வந்தோம். தப்பான இலக்கணத்தால் வாய்த்த அந்தச் சாயங்காலத்தைப் போல இன்னொன்று எனக்கு அங்கே வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர்கள் சாப்பிடும்போது சொல்லும் வார்த்தை காதில் சரியாக விழுந்தது. தெருவில் யார் போனாலும், தட்டில் இருப்பது ஒரு பிடி சோறானாலும், “மஙா-ஓன் தா!” என்பார்கள். ‘சாப்பிடலாம், வா’ என்பதில் அந்த ‘தா’ இருக்கிறது. கூப்பிட்டார்களே என்று உடனே போய் உட்கார்ந்துவிடக் கூடாது. “ஸலாமத், வயிறு நிறைந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

ஒரு மாதம் முடிந்தது. விடியற்காலையில் டாக்ஸி வந்து நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. நாங் அவ்வளவு சீக்கிரம் கடை திறக்க மாட்டாள், ஆனால் அன்று திறந்திருந்தது. உலர்ந்த மாம்பழப் பொட்டலம் நாலைந்தை என் பையில் திணித்தாள். “அக்கா மகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஜாடையில் சொன்னாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, வழக்கமான குரலில்,

“ஆசா கா, டாய்?” என்றாள்.

“டீஹா ரா, நாங்” என்றேன்.

அக்கா மகள் என் காதோரம் குனிந்து, “சித்தி, உள்ளே போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரீங்களா?” என்றாள்.