ராத்திரி செக்கிங்

புதியம்புத்தூருக்குக் குட்டித் திருப்பூர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சுற்றிலும் ஒட்டப்பிடாரம் தாலுகாவின் கரிசல். மழை பெய்தால் விளைச்சல், இல்லாவிட்டால் தையல். தெருவுக்குள் நுழைந்ததும் ஓவர்லாக் மிஷின் சத்தம்தான் முதலில் வரவேற்கிறது. தீபாவளி நெருங்கிவிட்டால் அந்தச் சத்தம் ராத்திரியிலும் ஓயாது.

நான் போனது துணி வாங்க அல்ல. கீழே அம்மா பீஸ் ரேட்டுக்குத் தைக்க, மாடியறையில் மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சைபர் செக்யூரிட்டி வேலை பார்க்கும் வீட்டுக்கு. "ராத்திரி பூரா முழிச்சிருந்து பாக்கா சார். என்னத்தப் பாக்கான்னுதான் எனக்கு வெளங்கல" என்றார் அம்மா.

எனக்கும் அது சுலபத்தில் விளங்கவில்லை. லேப்டாப் திரையை அந்தப் பெண் எனக்குக் காட்டவில்லை. வெளியாள் பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. சுவரோரம் இருந்த ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். அங்கிருந்து லேப்டாப்பின் முதுகுதான் தெரிந்தது. வாடிக்கையாளர் பெயரையும் கடைசிவரை சொல்லவில்லை. இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

வேலை இதுதான். ஆலை, மருத்துவமனை, நிதி நிறுவனம் என்று பல இடங்களின் கணினிகள் தாங்கள் செய்வதையெல்லாம் லாக்காக எழுதிக்கொண்டே இருக்கும். அவை ஒரே மென்பொருளில் வந்து குவியும். ஏதாவது ஒரு விதியில் சிக்கினால் அலர்ட் அடிக்கும். அதை முதலில் எடுத்துப் பார்ப்பவர் எல்-1. இவர் எல்-1. பொய் அலர்ட் என்றால் காரணம் எழுதி மூட வேண்டும்; சந்தேகம் என்றால் அடுத்த படியான எல்-2வுக்கு ஏற்றிவிட வேண்டும். ஷிப்ட் முழுக்க வருவதில் பெரும்பாலானவை பொய்தான். ஹேக்கரைத் துரத்திப் பிடிக்கும் சினிமாக் காட்சி எதுவும் இங்கே இல்லை. டிக்கெட் எழுதுவதுதான் உத்தியோகம்.

நள்ளிரவு தாண்டி ஒரு அலர்ட் வந்தது. துணி வெட்டும்போது மிஞ்சிய அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து 4625 என்று எழுதிக் காட்டினார். விண்டோஸில் பாஸ்வேர்டு தப்பாகப் போட்டால் பதிவாகும் எண். சரியாகப் போட்டு உள்ளே போய்விட்டால் 4624. ஒரே சர்வரில், ஒரே கணக்கில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 4625 விழுந்துகொண்டிருந்தது. "மனுசன் இவ்வளவு கரெக்டா தப்பு பண்ண மாட்டான் சார், இது ஸ்கிரிப்ட்" என்றார். ஆனாலும் மூடவில்லை. முயற்சி எங்கிருந்து வருகிறது? உள் நெட்வொர்க்கிலிருந்து. நடுவில் 4624 எங்காவது விழுந்திருக்கிறதா? இல்லை. அந்தக் கணக்கை யாராவது தொட்டார்களா? பழைய டிக்கெட்டுகளைத் தோண்டியதில், சாயங்காலம் பாஸ்வேர்டு மாற்றியிருந்தது தெரிந்தது. பேக்கப் எடுக்கும் நிரல் பழைய பாஸ்வேர்டையே போட்டு முட்டிக்கொண்டிருக்கிறது. அதன்பிறகுதான் மூடினார்.

அவரைப் பயமுறுத்துவது இப்படிச் சத்தம் போடுகிற அலர்ட் இல்லையாம். எல்லாரும் வைக்கிற மாதிரி ஒரு பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு, நூறு ஊழியர்களின் கணக்கில் ஆளுக்கு ஒரே ஒரு தடவை, மெதுவாக முயன்று பார்ப்பவர்கள் உண்டு. கணக்கு எதுவும் பூட்டிக்கொள்ளாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் காலையில் தூக்கக் கலக்கத்தில் யாரோ தப்பாக அடித்த மாதிரியே இருக்கும்.

"அப்ப நீங்களும் செக்கிங்தான், தைச்ச துணியில அம்மா பிசிர் பாக்குற மாதிரி" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தையல் விட்ட சட்டை ஒளிஞ்சுக்கிடாது சார். இது நம்மளப் பாத்து ஒளியும்."

அவர் சொன்னதற்குக் கும்பகோணத்திலேயே சாட்சி இருக்கிறது. 2018 பிப்ரவரியில், அங்கே தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்து, துபாய், துருக்கி, சீனா என்று மூன்று இடங்களுக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலரை அனுப்பப் பார்த்தார்கள். பரிமாற்றச் செய்திகளை அச்சிடும் பிரின்டரையும் முடக்கியிருந்தார்கள். பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் எந்த அலுவலகத்தில் யார் பதறுவார்கள்? மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. துபாய்க்குப் போனது உடனே தடுக்கப்பட்டுத் திரும்பியது.

இந்த அலுப்பான வேலைக்கு இப்போது சட்டத்தின் கெடுவும் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்-1 ஒரு மணி நேரம் அசந்தால் அந்த ஆறிலிருந்து கழியாது. ஆனால் உள்ளே வந்தவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ராத்திரி ஷிப்டில் பாத்ரூம் போவதற்குக்கூட சாட்டில் சொல்லிவிட்டுத்தான் எழுகிறார்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், நெட் போனால் போன் ஹாட்ஸ்பாட். சம்பளம் மாதம் பிறந்தால் வருகிறது. தூக்கம்தான் பகலில் கீழே ஓடும் மிஷின்களின் சத்தத்தில் துண்டு துண்டாகிறது. எல்-2 ஆனால் ராத்திரி குறையும் என்று படித்துக்கொண்டிருக்கிறார். பாதிப் பேர் இந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுவதாகச் சொன்னார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்ததை இந்தியா முழுக்கப் பேசினார்கள். ஆனால் தெரு இவரிடம் கொண்டுவருவது வேறு: ஜிபே அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஒரு மூட்டை நைட்டியைத் தூக்கிப் போனவன் கதை.

விடிந்து ஷிப்டை ஒப்படைத்துவிட்டு அவர் கீழே இறங்கியபோது, ஜவுளி வியாபாரி ஒருவர் போனோடு வாசலில் நின்றார். வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகையைத் திறந்தாராம். பேங்கிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ்.

"பத்திரிகை இல்ல அண்ணாச்சி, அது ஆப்பு. மொதல்ல நெட்ட ஆஃப் பண்ணுங்க."

"ஏ தாயி, நீதான் கம்ப்யூட்டர் போலீசாச்சே, நீயே புடிச்சுக் குடேன்."

"என்னால முடியாது. வேற போன்லருந்து சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு அடிங்க. பேங்குக்கும் சொல்லுங்க. லேட்டாக்குனா காசு கைமாறிக்கிட்டே போயிரும்."

அம்மா மிஷினை நிறுத்திவிட்டுத் தன் போனை எடுத்துக் கொடுத்தார். வியாபாரி 1930க்கு அடிக்க, மகள் அவருடைய பேங்க் மெசேஜ்களைப் பார்த்து, பணம் போன நேரத்தையும் பரிவர்த்தனை எண்ணையும் அதே அட்டைத் துண்டில் வரிசையாக எழுதத் தொடங்கினார்.