கற்களுக்குள் குடியிருப்போர்

வீடு மாறுவோர் முதலில் கணக்கெடுப்பது கண்ணுக்குத் தெரியும் பொருள்களையே. கட்டில், அலமாரி, பாத்திரம் பண்டம், சாமிப் படங்கள் என்று பட்டியல் நீளும். கண்ணுக்குத் தெரியாத உடைமைகளுக்கு எவரும் பட்டியல் எழுதுவதில்லை. அவையும் உண்டு என்பதை, பினாங்கில் ஒரு கடல்மீன் தொட்டி இடம்பெயர்ந்த வரலாறு உணர்த்துகிறது.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அளித்து வந்த பாதுகாப்பு, 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு இல்லாமற்போயிற்று. ஜார்ஜ்டவுன் நகரின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குத் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல, புறநகர்களை நோக்கிப் பெயர்ந்தன. பாசார் வீதிக்கு அருகில் குடியிருந்த அச்சகத் தொழிலாளி ஒருவரும் அவ்வாறு பெயர வேண்டியவரானார். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அவருடைய பழைய வீட்டுக் கூடத்தின் மூலையில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்கள். சிறுமியாய் இருந்த நாள் முதல் அவருடைய மகள் உணவிட்டு வளர்த்தவை அவை.

“என்னங்க, மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பாசி பிடித்த கல்லையும் மணலையும் எதற்காகச் சுமக்க வேண்டும்? புதிதாக வாங்கிக்கொள்ளலாமே?” என்றார் மனைவி. மகளோ, கற்களைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவ ஆயத்தமாகிவிட்டாள். அவர் பதறித் தடுத்தார்.

அந்தப் பதற்றத்திற்குக் காரணம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில் வேறொரு வீட்டிலிருந்து குடிபெயர்ந்தபோது, அவரே கற்களை வெளுக்கும்வரை குழாய்நீரில் தேய்த்துக் கழுவினார். மணலை வெயிலில் பரப்பி உலர்த்தினார். புதிய நீரில் தொட்டி பளிங்குபோல் மின்னியது. ஐந்தாம் நாள் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து மூச்சுக்குத் திணறின. வாரம் முடிவதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. தூய்மை செய்ததாக எண்ணியவர், ஒரு குடியிருப்பையே அழித்திருந்தார்!

அந்தக் குடியிருப்பு யாது? மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகையினம் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. பவளக் கல் சுண்ணாம்பால் ஆனது. எண்ணற்ற நுண்துளைகள் உடையது. உயிர்வளி எட்டாத உட்துளைகளில் வாழும் மற்றோர் இனம், நைட்ரேட்டையும் பிரித்து நைட்ரசன் வளியாக வெளியேற்றிவிடுகிறது. அம்மோனியாவை உண்டு வாழும் இத்தகைய நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி. நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிருள்ள பவளக் கற்களும் மெல்லிய காற்றோட்டமும் கொண்டே கடல்மீன்களை வளர்த்து, அம்முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். ‘உயிர்ப்பாறை’ என்று மீன்வளர்ப்போர் போற்றுவது இதனையே. இந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஒரு புதிய தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். குழாய்நீரில் உள்ள குளோரினோ அதனைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும்.

பழைய நீரைக் கொண்டுசென்றால் போதாதா என்று கேட்போர் உண்டு. போதாது. அந்த உயிர்கள் நீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில் ஒட்டி வாழ்வதே மிகுதி. எனவே நீர் பாதி புதியதாயினும் தாழ்வில்லை. கல் பழையதாக இருத்தல் வேண்டும். மணலின் நிலை வேறு. மேல்மணல் உயிர் நிறைந்தது. ஆண்டுக்கணக்கில் கிளறாத அடிமணலிலோ கழிவு தேங்கிக் கறுத்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் நச்சுவளியும் அதில் உண்டு. அதனை அப்படியே கலக்கிக் கொண்டுபோவது மீன்களுக்கு நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

குறித்த நாளில் அவர் முதலில் தெளிந்த நீரை இறைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். கற்களை ஒவ்வொன்றாக அந்நீரில் அமிழ்த்தினார். காற்றுப் பட்டால் கல்லில் வாழும் கடற்பஞ்சுகள் மடியும். மடிந்தவை அழுகினால் மீண்டும் அம்மோனியாதான். மீன்கள் தனிப்பெட்டியில், மின்கலத்தால் இயங்கும் காற்றுக்குழாயோடு ஏறின. மேல்மணலை மட்டும் கிண்ணத்தால் வழித்தெடுத்தார். கறுத்த அடிமணலை விட்டுவிட்டார். லோரி புறப்பட்டபோது மகள் மீன்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

புதிய வீட்டில் கழுவிய புதுமணலை இட்டு, அதன்மேல் பழைய மணலை விதைபோல் தூவினார். கற்களை அடுக்கி, பழைய நீரோடு முன்னரே கலக்கிவைத்த உப்புநீரைச் சேர்த்தார். ஒப்படர்த்தி 1.025 என்பதையும் வெப்பநிலை 26 பாகை என்பதையும் உறுதி செய்த பின்னரே மீன்களை விட்டார். இரண்டாம் இரவு, மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைநீர் இலேசாகப் பச்சை காட்டியது. அவர் உறங்கவில்லை. நீரில் கால்பங்கை மாற்றினார், உணவை நிறுத்தினார். நான்காம் நாள் காலை சோதனைநீர் மஞ்சளாகவே நின்றது. கல்லுக்குள் இருந்தோர் தம் வேலையைத் தொடங்கிவிட்டனர்!

பழைய கல்லைக் காப்பதில் மற்றோர் அறமும் உண்டு. கடலிலிருந்து பெயர்த்தெடுக்கும் ஒவ்வொரு கல்லும் ஒரு பவளத்திட்டின் இழப்பு. பினாங்கிற்கு வடக்கே உள்ள பாயார் தீவு போன்ற கடற்பூங்காக்களில் பவளம் எடுப்பதை மலேசியச் சட்டம் தடுக்கிறது. இருப்பதைப் பேணுகிறவன் கடலிடம் மீண்டும் கையேந்த வேண்டியதில்லை.

அன்று மாலை மகள் சன்னலருகே நின்றாள். கீழே வண்டிகள் விரைந்தன. பழைய தெருவின் மாலைக் குரல்கள் எவையும் இங்கே இல்லை.

“அப்பா, மீனுக்கு எல்லாம் வந்துவிட்டது. நமக்குத்தான் இங்கே யாரையும் தெரியவில்லை.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. கடன் கேட்டால் சர்க்கரை தந்த அண்டை வீடும், பெயர் சொல்லி அழைத்த பூக்கடையும், அவசரத்திற்குக் கதவு தட்டினால் எழுந்துவந்த சீனக் கிழவரும் எந்தப் பீப்பாயிலும் அடங்கவில்லை. அவையும் ஒரு பழைய பரப்பில் ஒட்டி வளர்ந்த உயிர்களே அல்லவா?

“கல்லைக் கொண்டுவந்தோம், மகளே. தெருவைக் கொண்டுவர முடியவில்லை. கொண்டுவர இயலாததை இங்கேதான் வளர்க்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.”

உள்ளே சென்ற மனைவி ஒரு தட்டில் முறுக்கை எடுத்துவந்து மகளிடம் நீட்டினார். மகள் அதனை ஏந்திச் சென்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.