காதில் பெயர் சொல்லாத அத்தை

தம்பி குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள். அத்தைதான் காதில் பெயர் சொல்ல வேண்டும். முந்தின இரவு அவருக்கு உதட்டோரம் குறுகுறுவென்றது. விடிந்து பார்த்தால், கொத்தாக நாலைந்து நீர்க்கொப்புளங்கள்.

"உடம்புச் சூடுதான், விளக்கெண்ணெய் தடவு" என்றார் அம்மா. வருஷத்துக்கு இரண்டு முறை வருவதால் அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். கைக்குழந்தையைத் தூக்கப் போகிறோமே என்று, இந்த முறை டாக்டரைப் பார்த்தார்.

"சூடு இல்லைம்மா, ஹெர்பிஸ் வைரஸ். உலகத்துல பாதிப் பேருக்கு மேல இருக்கு. நரம்புக்குள்ள பதுங்கியிருக்கும். காய்ச்சல், வெயில், டென்ஷன்னா வெளிய வரும். உங்களுக்குப் பத்து நாள்ல ஆறிடும். ஆனா பிறந்த குழந்தைக்கு ஒட்டினா உயிருக்கே ஆபத்து."

ஏசைக்ளோவிர் எழுதிக்கொடுத்தார். குறுகுறுப்பு தொடங்கியதுமே ஆரம்பித்தால்தான் நல்ல பலனாம். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. தொட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது. டவல், டம்ளர், லிப்ஸ்டிக் எல்லாம் தனி.

"நாத்தனார் வரலைன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று அம்மாவுக்குக் கவலை. அவர் தம்பி மனைவிக்கே போன் போட்டு, உள்ளதைச் சொன்னார். எதிர்முனையில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. "நீங்க சொன்னதே பெரிசு அண்ணி" என்றாள் அவள்.

பெயரை ஸ்பீக்கர் போனில் மூன்று முறை சொன்னார் அத்தை. புண் முழுசாக ஆறிய பிறகு போனார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, குழந்தையை மடியில் வாங்கினார். முத்தத்தை மட்டும் காற்றிலேயே கொடுத்தார்.