குறை சொன்னால் கோபம் வரட்டும், கேள்வியும் வரட்டும்

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. ரயில்வே வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று தார்நாகாவிலும் உப்பல் சாலையிலும் உள்ள ஆய்வகங்களுக்குப் போகிறார்கள். பண்டிகை நாளில் பார்த்தால் அவர்களிடம் ஒரு குமுறல் கேட்கும். "ராத்திரி பகலா உழைச்சு எழுதின கட்டுரை தாத்தா, நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க." அப்போதெல்லாம் நான் விஞ்ஞானி ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன்.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, மனம் இயற்பியலை நாடவே சர். சி. வி. ராமனிடம் மாணவரானார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவரை 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைத் தலைவராக அழைத்துக்கொண்டது. வயது முப்பதுதான்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தரும் புரதம் அது. அதன் கட்டமைப்பு அன்று யாருக்கும் பிடிபடவில்லை. பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. கோபிநாத் கர்த்தாவும் அவரும் சேர்ந்து, மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட கயிறுதான் கொலாஜன் என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமினோ அமிலம். அது ஏன் அவ்வளவு என்பதற்கும் இதில் விடை இருந்தது. மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த ரயில் இருக்கையில் நடுவே ஒல்லியானவருக்குத்தான் இடம் கிடைக்கும். அமினோ அமிலங்களிலேயே சிறியது கிளைசின். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அதுவே இருந்தால்தான் சங்கிலிகள் நெருங்கிப் பின்ன முடியும்.

அடுத்த ஆண்டே இங்கிலாந்திலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர்கள் அலெக்ஸாண்டர் ரிச்சும், டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும். மூன்று சங்கிலி என்பது சரிதான், ஆனால் ராமச்சந்திரன் மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்குச் சங்கிலிகளைக் கட்டும் ஹைட்ரஜன் பிணைப்பும் இரண்டில்லை, ஒன்றுதான் என்றார்கள். பிணைப்பைப் பற்றிய அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வெள்ளைக்காரனுக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்தியிருப்போம். ராமச்சந்திரன் கேட்டது வேறு. "நெருங்கக்கூடாது என்கிறீர்களே, எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்?" அதற்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. அதுவரை வெளிவந்திருந்த படிகக் கட்டமைப்புகளைத் தேடி எடுத்து, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே குறைந்தபட்சம் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அவர் குழு பட்டியல் போட்டது.

பிறகு அந்தப் பட்டியலைப் புரதச் சங்கிலியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தாராளமாகத் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டு. ஒன்றின் கோணத்தைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு சதுரம் வரைந்தார்கள். அணுக்கள் இடித்துக்கொள்ளும் இடங்களை நீக்கினால் சதுரத்தின் பெரும்பகுதி காலி. மிஞ்சியவை சில திட்டுகளே. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட இதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தாலும், அதன் கோணங்களைக் குறிக்கும் புள்ளிகள் அந்தத் திட்டுகளுக்குள் விழுகின்றனவா என்று பார்த்தும் அது சரியா தவறா என்று சோதிக்கிறார்கள். மல்காஜ்கிரிப் பிள்ளைகளின் கணினித் திரையிலும் அதே சதுரம்தான்.

1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001-இல் சென்னையில் காலமானார். அன்று அந்த மறுப்பு வராமல் இருந்திருந்தால் அந்த வரைபடம் பிறந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே பிள்ளைகளே, குறை சொல்லிக் கடிதம் வந்தால் ஒரு ராத்திரி கோபப்படுங்கள், தப்பில்லை. மறுநாள் காலையில் அதிலுள்ள வசவைத் தள்ளிவிட்டுக் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நியாயமானதை ஒப்புக்கொள்ளுங்கள். விடை யாரிடமும் இல்லையென்றால் அதையே உங்கள் அடுத்த வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.