எல்லாத்தையும் அழிச்சாச்சு!

2022-ல் மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஃப்ரீபிஎஸ்டி 13 போட்டிருந்தேன். கண்ட கண்ட சாஃப்ட்வேரையெல்லாம் ஏற்றியதில் ஒன்றோடொன்று மோத ஆரம்பித்தது. "பேசாம ஃபார்மட் பண்ணுடா" என்றான் புராஜெக்ட் பார்ட்னர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 'பி.கே.ஜி. டெலீட்' கட்டளையோடு 'மைனஸ் ஏ' சேர்த்து, கேட்ட கேள்விக்கு 'ஒய்' தட்டினேன். எல்லாம் மளமளவென்று போனது. அந்தப் பதிப்பில் அடிப்படை சிஸ்டம் தனி, நாம் ஏற்றும் பேக்கேஜ்கள் தனி. அதனால் கம்ப்யூட்டர் சாகவில்லை.

"டேய், நம்ம டேட்டாபேஸ்?" என்றான் அவன்.

வயிற்றில் புளியைக் கரைத்தது. மைஎஸ்க்யூஎல்லும் அல்லவா போய்விட்டது! பேக்கப் கிடையாது. நடுங்கிக்கொண்டே 'வார்' டைரக்டரிக்குள் 'டிபி'யைத் திறந்தால், மூன்று மாத உழைப்பு அப்படியே இருக்கிறது!

காரணம் இதுதான். பேக்கேஜ் மேனேஜர் தன் பதிவேட்டில் உள்ள ஃபைல்களை மட்டுமே அழிக்கும். நாம் உண்டாக்கிய டேட்டாவும், திருத்திய கான்ஃபிகரேஷன் ஃபைல்களும் அதன் கணக்கில் வராது.

ஆகவே, சுத்தம் செய்ய நினைப்பவர்கள் முதலில் பேக்கப் எடுங்கள். அடுத்து, 'பி.கே.ஜி. பிரைம்-லிஸ்ட்' கொடுத்து, நீங்களாகக் கேட்டு ஏற்றியவற்றின் பட்டியலை எழுதி வையுங்கள். துணைக்கு வந்தவை மறுபடியும் தானாக வரும். அதன் பிறகு டெலீட். கடைசியில் 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடியில் மிச்சம் கிடப்பதைப் பார்த்துப் பார்த்துக் கையால் கழியுங்கள்.

அன்று எங்கள் டிப்ளமோ தப்பியது என் சாமர்த்தியத்தால் இல்லை. மெஷின் தன்னுடையது எது என்று கணக்கு வைத்திருந்தது. நான்தான் வைக்கவில்லை!