எல்லா விலங்குக்கும் ஒரே தோட்டாவா?

மானுக்கும் பன்றிக்கும் புலிக்கும் யானைக்கும் ஒரே தோட்டா போதுமா? வேட்டை நூல்களை விரும்பிப் படிப்போரிடையே நெடுங்காலமாக உலவும் வினா இது. நான் துவக்கு ஏந்தியவன் அல்லன். ஆயினும், ஜிம் கோர்பெட்டின் நூல்களை மாணவப் பருவம் முதலே படித்து வந்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்லலாம் என நினைக்கிறேன்.

'போதும்' என்போர் சான்று காட்டுவது 7×57 மில்லிமீற்றர் மவுசர் தோட்டாவை. ஜேர்மனியில் 1892 அளவில் போர்க்களத்துக்காக உருவானது இது. தென்னாபிரிக்கப் போரில் (1899–1902) போயர்கள் இதனையே ஆங்கிலேயருக்கு எதிராகப் பயன்படுத்தினர். பின்னர் லண்டனின் ரிக்பி நிறுவனம் இதற்கு '.275 ரிக்பி' என்று பெயர்சூட்டி வேட்டைக்காரர் கையில் சேர்த்தது. எதிரியின் தோட்டா, பெயர் மாறியதும் கனவான்களின் தோட்டாவாயிற்று!

இது தோளில் உதைப்பது குறைவு. ஆதலால் குறி தவறுவதும் குறைவு. ஒடுங்கி நீண்ட சன்னம் ஆழமாக ஊடுருவும். சன்னத்தை மாற்றினால் வேலையும் மாறும். ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ள, பட்டதும் விரியும் சன்னம் மானுக்குப் பொருந்தும். 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட, விரியாத உலோக உறைச் சன்னம் யானையின் மண்டையோட்டையும் துளைக்கும். ஸ்கொட்லாந்துக்காரரான 'கரமோஜோ' பெல் ஆபிரிக்காவில் வீழ்த்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளிற் பெரும்பாலானவை இத்தோட்டாவுக்கே பலியாகின.

ஆனால் பெல், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றவர். தோட்டாவை வாங்கியவர்க்கெல்லாம் அந்தக் கல்வி வாய்க்குமா? பிற்காலத்தில் ஆபிரிக்க நாடுகள் பல, பெருவிலங்கு வேட்டைக்கு .375 அளவிலும் குறைந்த துவக்குகளைத் தடைசெய்தமை வியப்பன்று.

1907இல் கோர்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்னர் எவரோ சுட்ட காயம் அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற் போனதே அதனை ஆட்கொல்லியாக்கியது என்பது கோர்பெட்டின் முடிவு. அவ்வேட்டைக்காக அவருக்குப் பரிசளிக்கப்பட்டது ஒரு .275 ரிக்பி. 1926இல் உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியதும் அதுவே.

எனவே, 'எந்தத் தோட்டா?' என்று கேட்குமுன் வேட்டைக்காரர் தம்மையே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. காயத்தோடு தப்பும் விலங்கைத் தேடிச்சென்று முடிக்கும் துணிவு எனக்குண்டா? சம்பாவத்தில் ஒருவரின் தவறிய குறிக்கு விலை கொடுத்தவர்கள், விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குச் சென்ற மலைக்கிராமத்து மக்களே.