அணை நிலவரம் பார்த்துப் பயணம்

கரிசலிலிருந்து மலைக்கு – 4

மலையோர நீர்த்தேக்கங்களுக்கு ஒருநாள் போய்வர நினைக்கும் கோவில்பட்டிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது நாளிதழில் வரும் அணை நிலவரம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, அடவிநயினார் 132, குண்டாறு 36. இவை அந்தந்த அணையின் முழுக் கொள்ளளவுக்கான உயரம். பக்கத்திலேயே அன்றைய நீர்மட்டம் இருக்கும். அதற்குக் கீழே ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று மலையில் பெய்த மழை அளவும் வரும். இந்த எண்களைக் கூட்டிப் பார்த்துத்தான் எந்த வாரம் எந்தச் சாலையைப் பிடிப்பது என்று முடிவு செய்கிறேன்.

சென்ற வாரம் கழுகுமலை உச்சியில் நின்றபோது மேற்கே நீலக் கோடாக ஒரு மலைத்தொடர் தெரிந்ததை எழுதியிருந்தேன். அந்தக் கோட்டுக்குப் போவதற்கான வாரம் இது.

கரிசலில் பிறந்தவனுக்கு இந்தத் திட்டமிடல் இரண்டு மழைகளின் கணக்கு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவம் மலையைத் தாண்டும்போதே நீரை இறக்கிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் நமக்கு வருவது வெறும் காற்று. கயத்தாறு காற்றாலைகள் சுற்றுவதும், தெருவில் மண் பறப்பதும் அந்தக் காற்றில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வரும்போதுதான் நம் கண்மாய்கள் நிறையும். மலை அணைகளும் இப்படியே இரண்டாகப் பிரிகின்றன. செங்கோட்டைப் பக்கத்துக் குண்டாறு சிறியது. நல்ல சாரல் இருந்தால் ஆனியிலேயே நிரம்பி வழிந்துவிடும். மேக்கரையில் உள்ள அடவிநயினாரும் கடையநல்லூர்ப் பக்கத்துக் கருப்பாநதியும் அதே பருவத்தை நம்பியவை. மணிமுத்தாறு அப்படியில்லை, அது பெரும்பாலும் கார்த்திகை மழைக்காகக் காத்திருக்கும் அணை. ஆடியில் போனால் குண்டாறு, கார்த்திகையில் போனால் மணிமுத்தாறு என்பது இந்த வட்டாரத்தின் எளிய சூத்திரம்.

நாங்கள் கிளம்பியது கார்த்திகையில். வண்டியில் நான், மனைவி, மைத்துனர், அவருடைய இரண்டு பிள்ளைகள், முன் இருக்கையில் அம்மா. விடியுமுன் கிளம்பிக் கயத்தாறு, திருநெல்வேலி, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போனால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம். சொந்த வண்டி இல்லாதவர்கள் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம் வந்து, அங்கிருந்து பேருந்தில் பாபநாசம் போகலாம். கங்கைகொண்டான் தாண்டும் வரை கறுத்த மண்ணில் உளுந்தும் மக்காச்சோளமும்தான். சேரன்மகாதேவிக்குப் பிறகு வாழையும் நெல்லும் தொடங்குகின்றன. அம்மா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. "ஒரே தாலுகா தூரத்துக்குள்ள மண்ணு இப்படி மாறுதேய்யா" என்று மட்டும் சொன்னார்.

மணிமுத்தாறு அணை 1958இல், காமராசர் ஆட்சியில் முடிந்தது. கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளக் கரை. அதன் நடுவில் நின்றால் ஒரு பக்கம் மலை வரை நீர், மறுபக்கம் அந்த நீரை நம்பியிருக்கும் சமவெளி. பிள்ளைகள் பறவைகளை எண்ணினார்கள். மைத்துனர் மதகைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் விவசாயி. மானாவாரிக் காட்டில் ஒரு மழை தப்பினால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர். "இந்தத் தண்ணி பாயுற வயக்காரனுக்கு வானத்த அண்ணாந்து பாக்குற சோலி இல்ல அத்தான்" என்றார். அணைக்கு மேலே போகும் சாலை அருவியைக் கடந்து மாஞ்சோலைக்கு ஏறுகிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா டிரேடிங் நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைக் காடு அது. புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். ஒருநாள் பயணத்தில் அதையும் நுழைக்க வேண்டாம். தனி நாள் ஒதுக்க வேண்டிய இடம்.

மதியத்துக்குள் பாபநாசம். வழியில் விக்கிரமசிங்கபுரத்தில் கரிசல்காரர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் விசையில் இங்கே நூற்பாலை ஓட்டினார்கள். இறங்கும் நீர் மலையுடையது, நூலாகிய பஞ்சு திருநெல்வேலிக் கரிசலுடையது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'கே' வரிசைப் பருத்தி ரகங்களைத் தந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நம் ஊருக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு சுற்றுலாவுக்கு மிகவும் முந்தையது.

பாபநாசம் வனச் சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து காட்டினோம். பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே போகக்கூடாது. புளிச்சாதத்தைத் தூக்குச்சட்டியிலும் தண்ணீரைச் செம்புக் குடத்திலும் கொண்டுபோயிருந்ததால் தாமதம் இல்லை. கடலை மிட்டாயைக்கூட வீட்டிலேயே தாளை உரித்து டப்பாவில் போட்டிருந்தார் மனைவி. உள்ளே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இல் அறிவிக்கப்பட்டது. மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். வழியில் நினைத்த இடத்தில் இறங்கி நிற்கக்கூடாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் லட்சக்கணக்கில் கூடுவார்கள். அந்த நாட்களிலும் புலிக் கணக்கெடுப்பு நாட்களிலும் ஏரி பார்க்கும் எண்ணத்தோடு வர வேண்டாம். கிளம்பும் முந்தின நாள் விசாரித்துவிடுவது நல்லது.

காரையாற்றில் உள்ள பாபநாசம் மேலணை அன்று நிறைவை நெருங்கியிருந்தது. அனுமதித்த இடத்தில் நின்று பார்த்தோம். முன்பெல்லாம் இந்த நீர்ப்பரப்பில் படகில் போய்ப் பாணதீர்த்த அருவியைப் பார்ப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பே படகுகள் நின்றுவிட்டன. அதில் எனக்குக் குறையில்லை. மூன்று பக்கமும் காடு இறங்கி நீரைத் தொடும் ஓர் இடத்தில் மனிதர் செய்ய வேண்டியது நின்று பார்ப்பதுதான். இந்த அணைக்கும் சேர்வலாறு அணைக்கும் நடுவே மலைக்குள் சுரங்கம் இருக்கிறது. ஒன்றில் நீர் ஏறினால் மற்றதிலும் ஏறும். நாளிதழில் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறி இறங்குவதன் காரணம் அதுதான்.

இன்னொரு நாளுக்கு நான் சொல்லும் பாதை கழுகுமலை, சங்கரன்கோவில், தென்காசி. காலையில் குண்டாறு, மதியம் பிரானூர்ப் புரோட்டா, மாலையில் மேக்கரை. கூட்டம் பிடிக்காதவர்கள் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் சிவசைலத்துக்குப் போகலாம். மேற்கு பார்த்த சிவன் கோயில், அருகே கடனா நதி, மேலே அணை, அதற்கும் மேலே அத்ரி மலை. கடையம் பக்கத்து ராமநதி அணையையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

திரும்பும் வழியில் நாங்கள் திருநெல்வேலியிலிருந்து கிழக்கே திரும்பிச் சீவலப்பேரிக்குப் போனோம். இந்தத் திட்டத்தில் நான் வற்புறுத்தும் நிறுத்தம் இதுதான். குண்டாறு, அடவிநயினார் அணை இருக்கும் அனுமன் நதி, கருப்பாநதி மூன்றும் சேரும் சிற்றாறு இங்கே தாமிரபரணியில் கலக்கிறது. கடனாவும் ராமநதியும் திருப்புடைமருதூரிலேயே ஆற்றில் சேர்ந்துவிட்டன. மணிமுத்தாறு அதற்கும் முன்பே. காலையில் நாளிதழில் வாசித்த எட்டு அணைகளின் நீரும் இந்த ஓர் ஊரில் ஒன்றாக நிற்கிறது. கோவில்பட்டிக்குக் குழாயில் வரும் குடிநீர் புறப்படுவதும் இங்கிருந்துதான். பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி, அன்று பார்த்த இடங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மணிமுத்தாறு என்றான் பெரியவன், காரையாறு என்றாள் சின்னவள். "அங்க குளிச்சவங்க அழுக்கெல்லாம் இங்கதான மாமா வரும்?" என்று அவளே கேட்டாள்.

ஆமாம், இங்கேதான் வரும். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் வேட்டி, சேலைகளும், படித்துறையில் கிழித்துப் போடும் ஷாம்பு பாக்கெட்டுகளும் இங்கேதான் வரும். கங்கைக்கு நிகராகக் கும்பிடும் நதியில் பழந்துணியை விடுவதை எந்தச் சாமியும் கேட்டிருக்காது. வறண்ட ஊரிலிருந்து போகும் நமக்கு இந்த நீரின் அருமை மற்றவர்களைவிட அதிகம் தெரியும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நாள் கணக்கில் குழாயைப் பார்த்திருந்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் மலை ஏரிகளுக்கு விருந்தாளியாகப் போகும் உரிமை நமக்கில்லை. அவை நம் ஊர்க் கண்மாயின் தலைமடை. கண்மாய்க் கரையில் செய்யத் துணியாத எதையும் அங்கேயும் செய்யாமல் இருப்பதுதான் பயணத் திட்டத்தின் முதல் வரி. நேரம், பாதை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

தாமிரபரணிப் பக்கம் இந்த வாரத்தோடு முடிகிறது. அடுத்த வாரம் நம் இன்னொரு ஆறு. வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல் அணைகளிலிருந்து புறப்பட்டு அர்ச்சுனா நதியோடு இறங்கி, இருக்கன்குடியில் வைப்பாறு அதைச் சேர்த்துக்கொள்ளும் இடம் வரை வருவோம். போகும்முன் அந்த அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.